சிரமப் பட்டை

காட்டிக்கொடுக்கிற ஆள்காட்டியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கூட்டத்தில் அதிகம் சிரிக்கிற ஆளை முதலில் கவனிக்க வேண்டும் என்பது பிலோமினாவின் கட்சி. கையில் காசில்லாதவன், உடம்பு ஒத்துழைக்காதவன், இவனெல்லாம் ஓயாமல் சிரித்தால் எங்கிருந்தோ அவனுக்கு ஏதோ வருகிறது என்று அர்த்தம். தாழம்பேடு குடியிருப்பின் ஒன்பதாம் பிளாக்குக்குக் கீழே, ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில், சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிற மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் அப்படிச் சிரிக்கிறவர் ஒருவர்தான் இருந்தார். தணிகாசலம்.

தணிகாசலத்துக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மின்சார ரயிலில் சீப்பு, சேஃப்டி பின், செல்போன் உறை விற்பவர். மழைக்காலத்துக்குச் சற்று முன்னால்தான் விழுப்புரத்திலிருந்து ஏழாம் பிளாக்குக்குக் குடிவந்தார். வந்த முதல் சனிக்கிழமையே, கூட்டத்துக்கு வராதவர்களின் பெயர்களையெல்லாம் தாமதமாக வரும் ரயில்களாக்கி, ரயில் நிலையக் குரலில் அறிவிப்புச் செய்தார். ஷகிலாவின் மகன் இம்தியாஸுக்கு மூளை முடக்குவாதம். வார்த்தை வராது, சிரிப்பு மட்டும் வரும். அன்று அவன் சிரித்த சிரிப்பில் மேல் மாடிக்காரர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே சங்கத்தில் எல்லோருக்கும் துணையாள் நேரம் குறைந்தது.

துணையாள் நேரம் என்பது தாழம்பேட்டில் சோறு மாதிரி. அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்பும் ஒருவர் வந்து தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, உடுத்திவிட்டுப் போவார். பிலோமினாவுக்கு வருகிறவள் செல்லக்கிளி. ஏற்றுமதி கம்பெனி பஸ் கவிழ்ந்து முதுகுத்தண்டு போன பிறகு, பிலோமினா பல வருடங்கள் ஊருக்கு வெளியே ஓர் அரசு இல்லத்தில் கிடந்தாள். அங்கே எப்போது தூங்க வேண்டும், எப்போது கழிப்பறை போக வேண்டும் என்பதெல்லாம் அடுத்தவர் முடிவு. சண்டை போட்டு, மனு போட்டு, தனக்கென்று ஒரு கதவும் ஒரு சாவியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் அவள். செல்லக்கிளி காலையில் வராமல் போனால் அந்தச் சாவிக்கு அர்த்தமில்லை. திரும்பவும் இல்லம்தான்.

எவ்வளவு நேரம் யாருக்கு என்று முடிவு செய்வது அவரவர் மணிக்கட்டில் இருந்த பட்டை. 'சிரம அளவி' என்பது அரசாணையில் அதன் பெயர். அது ஒட்டுக் கேட்காது, படம் பிடிக்காது. நாடித்துடிப்பு, வியர்வை, தசை முறுக்கம், மூச்சு இவற்றை வைத்து, இந்த உடம்பு இந்த மாதம் எவ்வளவு சிரமப்பட்டது என்று கணக்கிடும். சிரமம் ஏறினால் நேரம் கூடும், இறங்கினால் குறையும்.

இதில் வேடிக்கை, அதைக் கேட்டு வாங்கியதே சங்கத் தலைவி பிலோமினாதான். முன்பெல்லாம் மருத்துவக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்கள் தவழ வேண்டும். டேப்பை வைத்துக் காலை அளந்து, நீ இத்தனை சதவீதம் என்று சீட்டுக் கொடுப்பார்கள். 'காலை அளக்காதே, கஷ்டத்தை அள!' என்று கோட்டை எதிரே கோஷம் எழுப்பியவள் அவள். டிவியில் வந்தது. பத்திரிகையில் வந்தது. அரசாங்கம் யார் சொன்னதையும் கேட்பதில்லை என்பார்கள். அவள் சொன்னதை அப்படியே கேட்டுவிட்டது.

முதல் மாதம் குறைந்தபோது மிஷின் கோளாறு என்று நினைத்தார்கள். இரண்டாவது மாதமும் குறைந்தது. செல்லக்கிளி இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்று ஆகிவிட்டது. பிரஸ் மெஷினில் வலது கையை இழந்த எத்திராஜுக்குத் துணையாளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஷகிலாவின் கதி இன்னும் மோசம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்ததால்தான் அவள் பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது வேலையும் போயிற்று.

சங்கத்துக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

"அப்போ சங்கத்துக்குள்ளதான்க்கா ஆளு இருக்கு" என்றாள் ஷகிலா. "யாரோ போய் ஓதறாங்க. இவங்க நல்லாத்தான் இருக்காங்க, நடிக்கறாங்கன்னு."

அது பிலோமினாவின் நெஞ்சில் தைத்துவிட்டது. நடிக்கிறாயா என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் இவர்கள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார், ரேஷன் கடையில் கேட்பார்கள், சொந்தக்காரனே கேட்பான். எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எப்போது மொட்டைக் கடுதாசி போடுவானோ என்று பயந்து பயந்து, வேறு எந்தக் காரணமும் இருக்கலாம் என்று யோசிக்கிற பழக்கமே இவர்களுக்குப் போய்விட்டது. நேரம் குறைந்ததா, எவனோ காட்டிக்கொடுத்தான். இது ஒன்றுதான் தெரியும்.

துணையாள் குறைந்த பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். சங்கத்தில் அதற்குக் கைமாத்து என்று பெயர். தணிகாசலம் பிலோமினாவின் வீல்சேரைத் தள்ளுவார். எங்கே பள்ளம், எங்கே மாடு என்று அவள் வழி சொல்லுவாள். எத்திராஜின் சட்டைப் பித்தானை ஷகிலா போட்டுவிடுவாள். அவள் கடைக்குப் போகும்போது எத்திராஜ் இம்தியாஸைப் பார்த்துக்கொள்வார். சனிக்கிழமைக் கூட்டம் தினசரிக் கூட்டமாயிற்று. தணிகாசலத்தின் அறிவிப்புகளும் தினசரி ஆயின. பிலோமினா அவரோடு சிரித்துக்கொண்டே, ஓரக்கண்ணால் அவரை அளந்துகொண்டிருந்தாள்.

அவரிடம் இரண்டு போன் இருந்தது. ஒன்றை எல்லோர் முன்னாலும் காதில் வைத்துக் கேட்பார். அந்தப் பேசும் குரலை அவர் வேகமாக ஓடவிட்டுக் கேட்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. இன்னொன்று அடித்தால் எடுக்கவே மாட்டார். யாரைப் பார்த்தாலும், "இந்த மாசம் எவ்ளோ நேரம் வந்துச்சி? போன மாசம் எவ்ளோ?" என்று விசாரிப்பார். விழுப்புரத்தை ஏன் விட்டு வந்தீர்கள் என்று கேட்டால் மட்டும், "அந்த வண்டி ரத்து செய்யப்பட்டது" என்று ரயில் குரலில் சொல்லி மழுப்பிவிடுவார்.

ஒருநாள் எத்திராஜ் மூச்சிரைக்க வந்தார். "தலைவிம்மா, என் கண்ணால பாத்தேன். மாவட்ட ஆபீஸ்ல, அந்த மதிப்பீட்டு மேடம் ரூம்லேர்ந்து வெளிய வரான். கதவ சாத்திக்கினு பேசியிருக்கான்."

அந்தச் சனிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. தணிகாசலம் வந்து உட்கார்ந்ததுமே பிலோமினா நேராகக் கேட்டாள்.

"தணிகாசலண்ணே, ஆபீசுக்கு எதுக்குப் போனீங்க?"

அவர் முகம் அவள் குரல் வந்த திசைக்குத் திரும்பியது.

"எங்களைப் பத்தித்தானே பேசினீங்க?"

"ஆமாம்மா. உங்களைப் பத்தித்தான்."

"என்ன சொன்னீங்க?"

அவர் மடக்கிய கோலைத் தடவிக்கொண்டிருந்தார். ஷகிலா எழுந்து நின்று கத்தினாள். "என் வேலையைக் கெடுத்துட்டியேய்யா! இந்தப் புள்ளயப் பாத்தா உனக்கு எப்படி மனசு வந்துச்சி? ஓ, உனக்குத்தான் பாக்க முடியாதே!" சொல்லக் கூடாத சொல். ஆனால் அன்று அதைக் கண்டிக்க யாருக்கும் தோன்றவில்லை. பிலோமினாவுக்கும் தோன்றவில்லை. தணிகாசலம் கோலை விரித்துக்கொண்டு எழுந்தார். வழியெல்லாம் ஸ்கூட்டர்கள். இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் நாலு குரல் வழி சொல்லியிருக்கும்.

அதன் பிறகு சங்கம் சங்கமாக இல்லை. ஒருவன் ஆள்காட்டி என்றால் இன்னொருவனும் இருக்கலாமே. எத்திராஜுக்கு ஆபீசில் என்ன வேலை, அவர் எப்படிப் பார்த்தார் என்று ஷகிலாவுக்குச் சந்தேகம். ஷகிலா பிளாக் செயலாளரிடம் அடிக்கடி பேசுகிறாளே என்று எத்திராஜுக்குச் சந்தேகம். கைமாத்து நின்றது. எத்திராஜ் பித்தானைப் பல்லால் கடித்துப் போட்டுக்கொண்டார். பிலோமினா, செல்லக்கிளி வராத நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே யார் போனாலும் காது அந்தப் பக்கம் போயிற்று.

மாதம் பிறந்தது. எல்லோருக்கும் நேரம் திரும்பக் கிடைத்தது. முன்பு இருந்ததைவிட அதிகமாகவே கிடைத்தது.

"பாத்தீங்களாக்கா! அந்தாளு போனான், எல்லாம் சரியாப் போச்சி" என்று ஷகிலா போனில் அழுதாள். கம்பெனியில் திரும்ப வரச் சொல்லிவிட்டார்களாம். பிலோமினாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தேகப்பட்டது சரி என்று ஆகிவிட்டால் மனிதர்களுக்கு வருகிற சந்தோஷம் தனி ரகம்.

ஆனால் செல்லக்கிளி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். "ஏழாம் பிளாக்குல அந்தக் கண்ணு தெரியாத அண்ணன் இல்ல, அவருக்கும் கூட்டியிருக்காங்கக்கா. எங்க சாரதாதான் போறா. இருக்கறதுலயே அவருக்குத்தான் ஜாஸ்தியாம். ஆனா எழுந்துக்கறதே இல்லியாம், சுவத்துப் பக்கம் திரும்பிக்கினு படுத்திருக்காராம்."

பிலோமினாவின் சந்தேகம் பழையபடி தலைதூக்கியது. காட்டிக்கொடுத்த வேலை போய்விட்ட ஆளுக்கு எதற்கு நேரத்தைக் கூட்டுகிறார்கள்? கணக்கு இடித்தது. அடுத்த நாளே அவள் செல்லக்கிளியைக் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

மதிப்பீட்டு அலுவலர் ஹேமலதா மரியாதை தெரிந்த பெண். காபி வரவழைத்தார். "ஆள்காட்டியா? அப்படி யார் சொன்னாலும் எடுத்துக்கறதுக்கு இந்தத் திட்டத்துல இடமே இல்லைம்மா. மனுஷங்க தலையிடக் கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க?"

"அப்போ ஏன் குறைஞ்சுது?"

ஹேமலதா திரையைத் திருப்பினார். பல நிறங்களில் கோடுகள். "இது நீங்க. இது ஷகிலா பானுவோட பையன். இது எத்திராஜ். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எல்லாருக்கும் ஒண்ணா இறங்குது பாருங்க. நாடி நிதானமாகுது, தசை தளருது. அப்புறம் தினமும் இறங்குது. நீங்க என்னமோ பண்ணியிருக்கீங்க. உங்களுக்குள்ள உதவி பண்ணிக்கிட்டீங்களா?"

பிலோமினா மணிக்கட்டுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "சிரிச்சோம்" என்றாள்.

"நல்லதுதானே! சிரமம் குறைஞ்சா உதவி குறையும். அதானே நியாயம்?"

"மேடம், எத்திராஜ் எனக்குக் கதை சொல்லலாம், கடைக்குப் போலாம். ஒத்தைக் கையால என்னைத் தூக்கிக் கழிப்பறையில உக்கார வைக்க முடியுமா? சிரிச்சா என் கால் வந்துடுமா?"

"அதைப் பட்டை பார்க்காதும்மா. கஷ்டத்தைத்தான் பார்க்கும்."

"இந்த மாசம் ஏன் ஏறிச்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும். எல்லாருக்கும் நாள் பூரா உடம்பு விறைப்பாவே இருந்திருக்கு. தூக்கம் சரியில்லை. ஏதாவது சண்டையா?"

"மனக்கஷ்டத்தையும் உடம்புக் கஷ்டத்தையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதா இதுக்கு?"

"உடம்புக்கே தெரியாதேம்மா, பட்டைக்கு எப்படித் தெரியும்?" ஹேமலதா குரலைத் தாழ்த்தினார். "இதையேதான் உங்க ஆள் ஒருத்தரும் வந்து கேட்டார். பார்வையில்லாதவர். கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் பட்டையைக் கழட்டி வைக்கலாமான்னு கேட்டார், உங்க எல்லாருக்காகவும்தான். கழட்டினா அந்த மாசம் நேரமே கிடையாதுன்னு சொன்னேன். நீங்க மனு குடுங்கம்மா. மேலே அனுப்பறேன்."

கோட்டை எதிரே தான் போட்ட கோஷம், தன் குரலிலேயே, திரும்பி வரும் வழியெல்லாம் பிலோமினாவின் காதுக்குள் கேட்டது. அவமானமாக இருந்தது.

ஷகிலாவையும் எத்திராஜையும் வீட்டுக்கு வரச் சொல்லி, ஒன்று விடாமல் சொன்னாள். எத்திராஜ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "அப்போ சண்டை போட்டா ஏறும், சிரிச்சா எறங்குமா? தலைவிம்மா, பேசாம வாராவாரம் சண்டை போடறதுக்குன்னே கூட்டம் வெச்சிக்கலாம்." சொல்லிவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஷகிலா தலை குனிந்திருந்தாள். "பாவம்க்கா அவரு. ரொம்பக் கேவலமாப் பேசிட்டேன். ஆனா..." நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அவரைத் திரும்பக் கூப்பிடாதீங்க. இப்பத்தான் வேலைக்குப் போறேன். அவரு கெட்டவராவே இருந்துட்டுப் போவட்டும்."

அவளைக் கோபித்துக்கொள்ள பிலோமினாவால் முடியவில்லை. தனக்குள்ளேயும் அதே குரல் ஒன்று, செல்லக்கிளி தினமும் வருகிறாள், சும்மா இரு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குரலைக் கேட்கப் பிடிக்காமல்தான் அவள் ஏழாம் பிளாக்குக்குப் போனாள்.

தணிகாசலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவளை முடிக்க விடவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. விழுப்புரத்துலயே தெரியும். அங்கயும் ஒரு சங்கம், இதே கூத்து. அங்க எல்லாரும் கூடிப் பேசி, கூட்டமே வேணாம்னு கலைச்சிட்டாங்க. எல்லாருக்கும் நேரம் வந்துச்சி. அப்புறம் ஒருத்தர் வாசல்ல ஒருத்தர் நிக்கல. அதான் கிளம்பி வந்துட்டேன். அந்த ஊரு போனைக்கூட எடுக்கறதில்ல."

"தெரிஞ்சுமா எங்ககிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்களும் கலைச்சிருப்பீங்க. எனக்கு நாள் பூரா ரயில்ல தள்ளு தள்ளுன்றதுதான் கேக்கும். வாங்க வாங்கன்னு கேக்கறது அந்த ஒரு சாயங்காலம்தான். அதை விட மனசு வரல." அவர் இல்லாத தூசியை வேட்டியிலிருந்து தட்டினார். "அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சின்னப்ப பயந்துட்டேன். ஆபீசுக்கு ஓடினேன். வேலைக்கு ஆகல. நீங்க கேட்டப்ப என்னான்னு சொல்றது? தெரிஞ்சேதானே உங்களை சிரிக்க வெச்சேன். ஆள்காட்டின்னு நீங்க சொன்னதுல பாதி நிஜம்தான்."

பிலோமினாவுக்கு ஆத்திரம் வந்தது. செல்லக்கிளி வராத காலைகளில் ஈரத்திலேயே கிடந்தது நினைவுக்கு வந்தது. இந்த மனிதனுக்கு ஒரு சாயங்காலம் வேண்டும் என்பதற்காக! திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அந்தச் சாயங்காலங்களுக்காகத் தானும் வாரம் பூரா காத்திருந்ததை நினைத்து மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுதான் தாங்கலம்மா" என்றார் அவர். "நீங்க அவ்ளோ சீக்கிரம் நம்புவீங்கன்னு நினைக்கல."

அவள் அழுதாள். அழுது முடித்து, "புதுசா ஒரு மனு எழுதணும், வாங்க" என்றாள்.

"இந்த வாட்டி எதை அளக்கச் சொல்லப் போறீங்க?"

"எதையும் அளக்காதேன்னு. ஆளு வேணும்னு கேக்கறவங்களுக்கு ஆளைக் குடுன்னு."

"நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க. இவங்களை நம்ப வைக்கத்தான் காலைக் காட்டினோம், கஷ்டத்தைக் காட்டினோம். காட்டக் காட்ட இன்னும் காட்டுன்னுதான் கேக்கறாங்க. சனிக்கிழமை வாங்கண்ணே."

சனிக்கிழமை அவர் வீல்சேரைத் தள்ள, அவள் பள்ளம் மேடு சொல்ல, இருவரும் ஒன்பதாம் பிளாக்குக்கு வந்தார்கள். எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். பட்டை விஷயம் எல்லோர் காதுக்கும் போயிருந்தது. எத்திராஜ் வழியில் இருந்த ஸ்கூட்டர் ஒன்றை இடது கையால் நகர்த்தினார். ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு ஓரமாக, வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறவளைப் போல, ஷகிலா மகனோடு உட்கார்ந்திருந்தாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. அடுத்த மாத நேரத்தை எல்லோரும் இப்போதே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது பிலோமினாவுக்குத் தெரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் தணிகாசலம். சொந்தக் குரலில், மெதுவாகத்தான் சொன்னார்.

இம்தியாஸுக்கு அது போதுமாக இருந்தது. அந்தக் குரலை அவன் எத்தனை நாளாகத் தேடினானோ, கழுத்தைத் திருப்பி, உடம்பெல்லாம் குலுங்க, பழைய சிரிப்பைச் சிரிக்க ஆரம்பித்தான். ஷகிலாவின் கை தானாகப் போய் அவன் வாயைப் பொத்தியது.

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கிற தைரியம் பிலோமினாவுக்கும் இல்லை. மனு எழுதலாம், கோட்டைக்குப் போகலாம். நாளைக் காலையில் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று ஷகிலா திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

தணிகாசலம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். "ஷகிலாம்மா, பையன் வரலியா?" என்றார்.

ஷகிலா தன் கையைப் பார்த்தாள். அதன் கீழே மகனின் மூச்சு சூடாக முட்டியது. அவன் கண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன.

"வந்திருக்கான்ண்ணே" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.